‘பார்னபி ரட்ஜ்’ வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதி 1841இல் வாரத் தொடராக வெளிவந்த ‘பார்னபி ரட்ஜ்’ நாவலின் களம், 1780 ஜூனில் கத்தோலிக்கருக்கு எதிராக லண்டனில் மூண்ட கோர்டன் கலகம். கும்பல் என்றால் என்ன, எரிந்த வீடு என்றால் என்ன என்று வன்னி வாசகருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பழக்கமே எமது வாசிப்பை அவசரப்படுத்திவிடுகிறது. வாசகர் வட்டத்தில் பேச இந்த நூலை எடுப்பவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான பகை எங்கோ ஐரோப்பாவில் நடந்த விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது முதல் தவறு. ஓகஸ்ட் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய்வரும் எவருக்கும் அதில் பாதி தெரிந்த கதைதான். 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த, புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு அடியார்கள் மருதமடுக் காட்டுக்குள் ஒதுங்கியது அந்தத் தடைக்கு அஞ்சித்தான். பிரித்தானியாவிலும் இதே வகைச் சட்டங்கள் இருந்தன. 1778இல் பாராளுமன்றம் அவற்றுள் சிலவற்றை மட்டும் தளர்த்தி, அரச விசுவாசத்துக்குச் சத்தியம் செய்யும் கத்தோலிக்கர் காணி வாங்கவும் முதுசொம் பெறவும் வழிவிட்டது. பாராளுமன்றத்தில் அமரும் உரிமையைக் கொடுக்கவில்லை. இவ்வளவு சிறிய சலுகைக்காகவா ஒரு நகரம் எரிந்தது என்ற கேள்வியோடு நூலைத் திறப்பவருக்கே அதன் மையம் பிடிபடும். (இலங்கையில் கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல் நீக்கிவிட்டார். ஆட்சி செய்தவர்களின் நாட்டில் அதற்கு 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான்.)

இதற்கு நேர்மாறான தவறு, 1983 ஜூலையை அப்படியே லண்டன்மீது ஒட்டிப் பார்ப்பது. 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் உடுத்த உடையோடு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உள்ள மண்ணில் அப்படி எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆயினும் 1983இல் தாக்க வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. லண்டனிலோ வீட்டுக்காரர்களே ‘பாப்பரசர் சமயம் வேண்டாம்’ என்று தங்கள் கதவில் சோக்கால் எழுதி, நீலத் துணியைத் தொங்கவிட்டுத் தப்பப் பார்த்தார்கள். கத்தோலிக்கச் சிற்றாலயங்களில் தொடங்கிய அந்தக் கூட்டம் பிரதம நீதியரசரின் வீடு, சிறைச்சாலை, இங்கிலாந்து வங்கி என்று அரசின்மீதே திரும்பியபோது படையினர் அதன்மீது சுட்டார்கள். கொல்லப்பட்ட சுமார் 300 பேரில் பெரும்பாலோர் கூட்டத்தில் நின்றவர்களே. 1983இல் இறந்தவர்கள் யார் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் நடந்த மோதலையும் எடுத்துப் பாருங்கள்.

நாவலில் உள்ள 82 அத்தியாயங்களில் முதல் 32இல் கலகமே இல்லை. 1775இல் ஒரு சத்திரத்தில் தொடங்கும் பழைய கொலைக் கதையும் காதல் கதைகளும்தான் அங்கே நகர்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். பின்னர் தீப்பந்தம் ஏந்தப்போகிறவர்கள் அங்கேதான் சாதாரண மனிதர்களாக அறிமுகமாகிறார்கள்.

ஆகப் பெரிய தவறு, கூட்டத்தை ஒரே முகமாகக் காண்பது. கூட்டத்தின் தலைவரான கோர்டன் பிரபு தான் சொல்வதை உண்மையிலேயே நம்புகிறார். அவருடைய செயலாளன் காஷ்போர்ட் முன்பு கத்தோலிக்கனாக இருந்தவன். ஹெயர்டேல் என்ற தனி மனிதர்மீது அவனுக்குள்ள வன்மம்தான் அவனைச் செலுத்துகிறது. குதிரைக்காரன் ஹியூ தன் தாயைத் தூக்குமேடைக்குப் பறிகொடுத்தவன். தூக்கிலிடும் அலுகோசு டெனிசுக்கோ தன் தொழில் குறைந்துவிடக் கூடாதென்ற கவலை. புத்தி வளர்ச்சி குன்றிய பார்னபி, கொடியைப் பிடித்தால் பொன் கிடைக்கும், அம்மா மகிழ்வாள் என்று நினைக்கிறான். இவர்களில் எத்தனை பேருக்குச் சமயம் ஒரு பொருட்டு என்று எண்ணிப் பாருங்கள். பார்னபியை வெறும் பரிதாபப் பாத்திரம் என்று தள்ளிவிடும் விமர்சனங்களோடு எனக்கு உடன்பாடில்லை. தலைவரான கோர்டனை விட்டால், கூட்டத்துக்குள் முழு நம்பிக்கையோடு நிற்பவன் அவன் ஒருவன்தான்.

நியூகேற் சிறை எரியும் 64ஆம், 65ஆம் அத்தியாயங்களை ஆறுதலாக வாசிக்க வேண்டும். சிறைக் கதவின் பூட்டைச் செய்த கேப்ரியல் வார்டனை இழுத்துவந்து அதைத் திறக்கச் சொல்கிறார்கள். கொல்வோம் என்று மிரட்டியும் அவர் கைவைக்க மறுக்கிறார். உள்ளே, மரணதண்டனை பெற்ற நான்கு பேர் தங்களையும் திறந்துவிடும்படி கதறும்போது, கலகக்காரரோடு வந்த டெனிஸ் அவர்களைச் சட்டப்படி தூக்கில் போட வேண்டியவர்கள் என்று தடுத்து நிற்கிறான். தீ வைக்க வந்தவனே சட்டம் பேசும் இந்த இடத்தை விட்டுவிட்டு நாவலைப் பற்றிப் பேச முடியாது. கும்பலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நகர மேயரைத் தவறவிடுவதும் கூடாது. தன் வீட்டுக்குப் பாதுகாப்புக் கேட்டு வரும் கத்தோலிக்க மது வியாபாரியிடம், கூட்டத்தைப் பயமுறுத்த நகரசபை உறுப்பினர் ஒருவரைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே என்கிறார் அவர்.

கடைசியாக, நாவலை வரலாற்றுச் சான்றாக மேற்கோள் காட்டுவதைத் தவிருங்கள். நாவலில் டெனிஸ் தூக்கிலிடப்படுகிறான். அதே பெயருடைய உண்மையான அலுகோசு தண்டனை விதிக்கப்பட்ட பின் மன்னிக்கப்பட்டுத் தன் வேலைக்கே திரும்பினான். கோர்டன் 1781இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகி, பின்னர் யூத சமயத்தைத் தழுவி, வேறொரு வழக்கில் சிறைப்பட்டு 1793இல் நியூகேற்றிலேயே இறந்தார். இது டிக்கன்சின் கற்பனை அல்ல.