தங்கக் கட்டி தேடும்போது மெல்லிய ஒலியை இனங்காண்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டனோலி, இங்கிள்வுட், வெட்டர்பர்ன் ஆகிய சிற்றூர்களைச் சுற்றியுள்ள நிலத்தைக் கோல்டன் டிரையாங்கிள் என்று அழைக்கிறார்கள். 1980-இல் கிங்கவர் அருகே மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியவர் ஒருவருக்கு 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டி கிடைத்தது இங்கேதான். அத்தகைய கட்டி எழுப்பும் ஒலியைக் கேட்க யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலத்தைப் பல்லாயிரம் பேர் பலமுறை அலசிவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைந்த பொடிக் கட்டிகளும், எட்டாத ஆழத்தில் கிடப்பவையுமே. இரண்டும் தருவது மிக மெல்லிய ஒலி.

காந்தத் துடிப்புகளை நிலத்துக்குள் செலுத்தி உலோகத்தைத் தேடும் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவியை இயக்கியதும் ஹெட்போனில் இடைவிடாத ரீங்காரம் ஒன்று கேட்கும். இதற்கு த்ரெஷோல்டு என்று பெயர். கச்சேரியில் தம்புரா பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதைத் தனியாக யாரும் கவனிப்பதில்லை, ஆனால் சுருதி சற்றே விலகினாலும் காது உடனே கண்டுகொள்கிறது அல்லவா? இந்த ரீங்காரமும் அப்படித்தான் பயன்படுகிறது. மெல்லிய சிக்னல் என்பது பெரும்பாலும் தனியாக எழும் ஒலி அன்று; ரீங்காரத்தில் ஏற்படும் சிறு மேடோ பள்ளமோதான். ஆகவே அமைதியான இடத்தில் நின்று ஒலியை முற்றிலும் மறையும்வரை குறைத்து, பிறகு அறுபடாமல் கேட்கும் அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். அதற்கு மேல் கூட்டினால் சிறு மாற்றங்கள் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். குறைத்தாலோ அவை உங்களை எட்டவே எட்டா. வயது ஏறும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் தேய்கிறது என்பதால், நண்பர் வைத்திருக்கும் டோன் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் காதுக்குத் தெளிவாகக் கேட்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பொய்யான சத்தங்களின் மூலங்களை முதலில் களைய வேண்டும். தளர்ந்து ஆடும் கேபிள், காயிலின் (தரைமேல் வீசும் தட்டையான வட்டின்) அடிமூடிக்குள் சேர்ந்த செம்மண், இரும்புமுனை வைத்த பூட்ஸ், சட்டைப்பையில் உள்ள கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றும் ரீங்காரத்தைக் குலைக்கும். மின்கம்பிகளும், தொலைவில் திரளும் இடிமேகமும், பக்கத்தில் தேடுபவரின் கருவியும் அவ்வாறே செய்யும். மண்ணிலுள்ள தாதுக்கள் எழுப்பும் ஒலியை அடக்கும் அமைப்பான கிரவுண்ட் பேலன்ஸைக் காலையில் ஒருமுறை சரிசெய்தால் போதும் என்று நினைப்பது பெரும் பிழை. சரளைத் தரையிலிருந்து களிமண்ணுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

காயிலை வீசும் முறைதான் பலரையும் ஏமாற்றுகிறது. பொருள் மிகச் சிறியதாகவும் காயிலிலிருந்து விலகியும் இருக்கும்போது, தொலைவு இருமடங்கானால் திரும்பிவரும் சிக்னல் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே வீச்சின் இரு முனைகளிலும் காயில் ஊஞ்சல்போல் மேலே எழுவதை அனுமதிக்கக் கூடாது; தரையை ஒட்டியே நகர்த்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல மூன்று, நான்கு விநாடிகள் ஆகட்டும். அடுத்த வீச்சு முந்தையதன்மேல் பாதியளவாவது படிய வேண்டும்.

ரீங்காரம் எங்கேனும் அசைந்தால் உடனே நில்லுங்கள். அதே இடத்தை எதிர்த்திசையிலும், பிறகு 90 பாகை திரும்பி நின்று குறுக்காகவும் கடந்து பாருங்கள். உலோகத்தின் ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே புள்ளியில்தான் எழும். மண்ணின் ஒலி அகலமானது. எங்கே தொடங்கியது என்றே சொல்ல முடியாது, திசையை மாற்றினால் இடமும் நகரும். குறுக்கே ஒற்றை ஒலியாகவும் நெடுக்கே இரட்டை ஒலியாகவும் கேட்டால், அது பழைய ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். காயிலை மெல்ல உயர்த்தும்போது சட்டென மறைவது மேலே கிடக்கும் பொடிப் பொருள். தயங்கித் தயங்கி மங்குவது ஆழத்தில் கிடக்கும் பெரிய பொருள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராத ஒலிகளே மிகுதியாக இருக்கும். அவற்றைத் தீர்ப்பது காது அன்று, கால். பூட்ஸின் ஓரத்தால் சருகையும் வெண்கல் சரளையையும் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்துத் தள்ளிவிட்டு மீண்டும் வீசிப் பாருங்கள். மண்ணின் ஒலியாக இருந்தால் மங்கும், அல்லது காணாமலே போகும். உலோகம் என்றால், முன்பு இருந்ததா இல்லையா என்று தோன்றிய அசைவு இப்போது ஓரம் தெரியும் ஒலியாகத் திரண்டிருக்கும். இன்னொரு முறை வழித்தால் இன்னும் கூர்மையாகும். ஒலி மறைந்துவிட்டது என்று உடனே நகர்ந்துவிடவும் கூடாது; வழித்துத் தள்ளிய குவியலின் மேலும் காயிலைக் காட்டுங்கள். குவியலைப் பாராமல் பத்தடி நடந்துவிட்டு, மனம் கேளாமல் திரும்பிவந்து அதற்குள்ளிருந்து நெல்மணி அளவுத் தங்கத்தை எடுத்த பிறகுதான் எனக்கே இந்தப் பழக்கம் படிந்தது.

ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கும் பொருள் உண்டு. இத்தகைய பல கருவிகளில் பொடிக் கட்டி உயர்ந்து தாழும் ஒலியையும், கனத்த கட்டி தாழ்ந்து உயரும் ஒலியையும் பொதுவாகத் தரும். சிறு உலோகத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் விரைவாக அடங்கிவிடுவதும், பெரியதில் அது நீடிப்பதுமே இதற்குக் காரணம். எனினும் இதை வைத்துத் தோண்டலாமா கூடாதா என்று முடிவு செய்யாதீர்கள். வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டும் பொடித் தங்கமும் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும். இரும்புச் சத்து மிகுந்த சில கற்கள்கூட அசல் தங்கத்தைப் போலவே பாடும். பத்து ஈயக் குண்டுகளைத் தோண்டச் சலித்துக்கொள்பவர் பதினொன்றாவதாகக் கிடந்த தங்கத்தை அடுத்தவருக்கு விட்டுச் செல்கிறார்.

காதைப் பழக்க அந்த ஈயக் குண்டுகளே போதும். சரிவான மண்ணில் பக்கவாட்டில் மெல்லிய துளையிட்டு, மேல்மண் குலையாதபடி ஒன்றை உள்ளே தள்ளுங்கள். மேலிருந்து தோண்டிப் புதைத்தால் கலைந்த மண்ணே வேறுவிதமாக ஒலித்துக் குழப்பும். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் காயிலை வீசுங்கள். இனிக் கேட்காது என்ற ஆழம் வரும்வரை துளையைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குங்கள். அந்தக் கடைசி விளிம்பில் ரீங்காரம் எப்படி நெளிகிறது என்பதே நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டியது. காற்றும் பறவைகளும் இதை மறைத்துவிடும் என்பதால் ஹெட்போன் தேவை. ஆனால் வெயில் காலத்தில் அங்கே நச்சுப் பாம்புகள் நடமாடுவதால், காதை மூடியவர் கண்ணைக் கூடுதலாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

தோண்டி எடுக்கும்போது பிளாஸ்டிக் கரண்டியில் மண்ணை அள்ளிக் காயிலின்மேல் காட்டுங்கள். ஒலித்தால் பாதியைக் கொட்டிவிட்டு மீண்டும் காட்டுங்கள். பொருள் கைக்கு வந்ததும் குழியை மூட அவசரப்படாதீர்கள். முதல் பொருளின் ஒலி, அதற்கடியில் கிடக்கும் மெல்லிய ஒலியை மறைத்திருக்கலாம் என்பதால் வெறுங்குழியின்மேல் ஒருமுறை காயிலை நிதானமாக வீசிப் பார்த்த பின்னரே மண்ணைத் தள்ளி மூடுங்கள். அங்கே தேடுவதற்கு வேண்டிய மைனர்ஸ் ரைட் உரிமம் வைத்திருப்பவர், தோண்டிய குழியை மூடிவிட்டே நகர வேண்டும்.