லெக்ராண்டைட்டைக் களத்தில் இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் டுராங்கோ மாநிலத்தில், மாப்பிமி ஊருக்கு அருகிலுள்ள ஓஹுவேலா சுரங்கப் பகுதியில், பழுப்பு லிமோனைட்டின் (துருப்போன்ற இரும்புத் தாது) பொந்துக்குள் மஞ்சள் ஊசிக் கொத்து ஒன்று தென்பட்டதும், அதை லெக்ராண்டைட் என்னும் துத்தநாக ஆர்சனேட் கனிமம் என்று எழுதிவிடக் கை பரபரக்கும். சுண்ணாம்புக்கல்லில் அமைந்த அந்தத் தாதுப்படிவில், ஆர்சனிக்கும் துத்தநாகமும் ஈயமும் கொண்ட சல்பைடுகள் (கந்தகச் சேர்மங்கள்) காற்றாலும் நீராலும் சிதைந்து பலவகை ஆர்சனேட்டுகளாக (ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்களாக) மாறியுள்ளன. அவற்றுள் அடமைட்டும் மிமெட்டைட்டும்கூட மஞ்சள் நிறத்தில் கிடைப்பதால், நிறத்தை மட்டும் நம்புவது முதல் தவறாகிறது.

ஈயக் கனிமமான மிமெட்டைட் பெரும்பாலும் உருண்டைத் திரளாகவோ அறுகோணப் படிகமாகவோ இருப்பதால், பத்து மடங்கு உருப்பெருக்கியிலேயே பிடிபட்டுவிடும். உண்மையான சிக்கல் இன்னொரு துத்தநாக ஆர்சனேட்டான அடமைட்டுடன்தான். ஆப்பு வடிவப் படிகங்கள் விசிறிபோல் நெருங்கியிருந்தால் அடமைட் என்றும், மெலிந்து நீண்ட பட்டகங்கள் தனித்தனியே சிலிர்த்து நின்றால் லெக்ராண்டைட் என்றும் ஊகிக்கலாம். ஆனால் அடமைட்டும் சில வேளை நீண்டு வளரும்.

புற ஊதா விளக்கைத் தீர்ப்பாகக் கொள்வது இதைவிடப் பெரிய தவறு. அடமைட்டில் நுண்ணளவில் கலந்துள்ள யுரேனியம் பளிச்சென்ற பச்சை ஒளிர்வைத் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் சிறிதளவு செம்பு சேர்ந்தாலே அந்த ஒளிர்வு அணைந்துவிடுமாதலால், ஒளிராத படிகம் அடமைட் அன்று எனச் சொல்ல முடியாது. கடினத்தன்மையும் கைகொடுப்பதில்லை: மோஸ் அளவில் அடமைட் சுமார் 3.5, லெக்ராண்டைட் சுமார் 4.5, எஃகு ஊசி இரண்டையும் கீறும், மில்லிமீட்டர் அளவுப் படிகமோ கீறும் முன்பே நொறுங்கும்.

அமிலத் துளியில் எழும் நுரை பெரும்பாலும் அடியிலுள்ள கால்சைட்டிலிருந்து (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) வருவது. ஆர்சனேட் நுரைக்காமலே கரைந்துபோகும், மாதிரியும் வீணாகும். துண்டைச் சுட்டு வெள்ளைப்பூண்டு மணத்தை முகர்ந்து பார்க்கும் பழைய முறையை அறவே விட்டுவிட வேண்டும், ஏனெனில் அந்தப் புகை நச்சு. அந்த மணம் ஆர்சனிக் உண்டு என்று மட்டுமே சொல்லும், எந்தக் கனிமம் என்று சொல்லாது.

தனிமங்களை அளக்கும் கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி வைத்திருப்போரும் இங்கே ஏமாறுகிறார்கள். அடமைட், அதே வேதி இயைபும் வேறு படிக அமைப்பும் உடைய பாரடமைட், ஒரு நீர் மூலக்கூறு கூடுதலாகக் கொண்ட லெக்ராண்டைட் ஆகிய மூன்றிலும் துத்தநாகத்துக்கும் ஆர்சனிக்குக்கும் உள்ள அணு விகிதம் 2:1 தான். ஹைட்ரஜனை அக்கருவி காண்பதில்லை. அவற்றைப் பிரித்தறிய, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவோ (டிஃப்ராக்‌ஷன்), சிதறும் லேசர் ஒளியை ஆராயும் ராமன் நிறமாலையோ தேவை.

ஆகவே, களத்துச் சீட்டில் “மஞ்சள் துத்தநாக ஆர்சனேட், லெக்ராண்டைட்டாக இருக்கலாம்” என்று எழுதுவதே நேர்மை. அழகுக்காகத் தாய்ப்பாறையைச் செதுக்கி எறியாமல், உடன் வளர்ந்த கனிமங்களோடும் எடுத்த இடத்தின் குறிப்போடும் மாதிரியைப் பொதிந்து, பிறகு கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும்.