மீன் விந்தைக் கெடாமல் எடுத்து வைப்பது எப்படி?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கக் குஞ்சு பொரிப்பகங்களில் யாருக்கும் தூக்கம் கிடையாது. கட்லாவும் ரோகுவும் ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியில் விட்டால் தாமாகவே முட்டையிட்டுவிடும். வெள்ளிக் கெண்டையையும் புல்கெண்டையையும் பெரும்பாலும் கையால் பிதுக்கித்தான் முட்டையும் விந்தும் எடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் முட்டையைப் பொன்போலப் பார்த்துக்கொண்டு, விந்தைக் கோட்டைவிடுவார்கள்.

மீன் உடம்புக்குள் இருக்கும்வரை விந்தணு அசையாது. தண்ணீர் பட்டு உப்புச் செறிவு குறைந்ததும் விழித்துக்கொண்டு நீந்தும். கெண்டை இனங்களில் அந்த நீச்சல் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். சக்தி தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே முட்டையோடு சேரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது.

1. துடைப்பது. ஆண்மீனின் தலையை ஈரத்துண்டால் மூடிப் பிடியுங்கள். வயிறு, துடுப்பு, வால், புழைவாய் (விந்து வெளிவரும் துளை) எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உங்கள் கையையும்தான், முழங்கையிலிருந்து வழிகிற சொட்டை யாரும் கவனிப்பதில்லை. வயிற்றை மெதுவாக அழுத்தினால் முதலில் சிறுநீர் வரலாம். அதுவும் தண்ணீர் மாதிரியே விந்தணுவை எழுப்பிவிடும், அதனால் முதலில் வருவதை விட்டுவிடுங்கள். பிறகு கெட்டிப் பால்போல வருவதே நல்ல விந்து. இரத்தமோ சாணமோ கலந்திருந்தால் சேர்க்க வேண்டாம்.

2. பாத்திரம். நான் பட்ட பாடு இது. ஒரு சீசனில் கண்ணாடிக் குப்பியைக் கழுவி, கவிழ்த்துக்கூட வைக்காமல் அப்படியே விந்தைப் பிடித்தேன். அடியில் நின்றது அரை ஸ்பூன் தண்ணீர்கூட இருக்காது. சாயங்காலம் பார்த்தால் தொட்டி முழுக்க முட்டை சவ்வரிசிபோல வெளுத்துக் கிடந்தது. இப்போதெல்லாம் முந்தின நாளே கழுவி வெயிலில் காயவைத்துவிடுகிறேன். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது.

3. குளிர்ச்சி. உடனே கலக்கப் போவதில்லை என்றால் 4 டிகிரி அளவுக் குளிரில் வையுங்கள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ், மேலே மடித்த துணி, அதன்மேல் குப்பி. ஐஸ் நேராகப் பட்டால் அதிர்ச்சியிலேயே அணு சாகும். குப்பியை நிரப்பாதீர்கள், சில மில்லிமீட்டர் உயரம் போதும், மூடியையும் இறுக்க வேண்டாம். விந்தணுவும் மூச்சு விடுகிற உயிர், காற்று வேண்டும். வெயில் ஆகவே ஆகாது. இப்படி வைத்ததைச் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

"ஃப்ரீசரில் வைக்கலாமா அண்ணே?" என்று கேட்காத ஆளில்லை. கூடாது. பனிக்கட்டி ஊசிபோல வளர்ந்து அணுவைக் கிழித்துவிடும். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கேனில் கொண்டுவருவது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்; அதில் வைக்க விந்தில் காப்பு மருந்து கலந்து, அளந்த வேகத்தில் குளிர்விக்க வேண்டும். அது தனி வித்தை.

4. சோதனை. நுண்ணோக்கி இருந்தால் ஊசிமுனை அளவு விந்தில் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர் விட்டு உடனே பாருங்கள். கண்ணாடித் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஆட்டம் முடிந்துவிடும். முன்னோக்கி விரைந்தால் நல்லது. இருந்த இடத்திலேயே துடித்தால் அந்த மீனை ஒதுக்குங்கள்.

5. கலப்பது. உலர்ந்த பேசினில் முட்டை, அதன்மேல் விந்து. கோழி இறகால் மெல்லக் கலக்குங்கள். அப்புறம்தான் தண்ணீர். விந்தணு விழிக்கும் அதே நேரம், அது நுழைய வேண்டிய முட்டையின் துளையும் மூடத் தொடங்கும். அந்த ஒரு நிமிடம் கை நிற்கவே கூடாது. பிறகு அலசிப் பொரிப்புத் தொட்டியில் விடுங்கள். சில மணி நேரம் கழித்து ஒரு கிண்ணத்தில் நூறு முட்டை எடுத்து எண்ணுங்கள். தெளிவாக இருப்பவை சேர்ந்தவை, வெளுத்தவை சேராதவை. எந்த ஆண்மீனின் விந்து, எத்தனை மணிக்கு எடுத்தது என்று பக்கத்திலேயே நோட்டில் குறித்துவையுங்கள்.