கனடாப் பல்கலைக்கழக மதிப்பெண்களை அமெரிக்க மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு மாற்றுவது எப்படி?

கனடாவில் இளநிலைப் பட்டம் படித்துவிட்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் முதலில் தடுமாறும் இடம் மதிப்பெண்தான். ரொறன்ரோ பல்கலைக்கழகம் நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதி, பக்கத்தில் எழுத்துத் தரத்தையும் தருகிறது. மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகம் எழுத்துத் தரம் மட்டுமே தருகிறது. மக்மாஸ்டரில் பன்னிரண்டுக்கு எத்தனை என்று கணக்கு. அமெரிக்கக் கல்லூரிகளோ நான்குக்கு எவ்வளவு என்று கேட்கின்றன.

சென்ற ஆண்டு என் அக்காவின் மகள் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, தன் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக இருபத்தைந்தால் வகுத்துக்கொண்டிருந்தாள். நூறு நான்கு ஆகிறதென்றால் இருபத்தைந்தால் வகுப்பதுதானே முறை என்பது அவள் நியாயம். விடை 3.2 என்று வந்ததும், இந்த எண்ணத்தையே விட்டுவிடுகிறேன் என்று பேனாவை மூடி வைத்தாள். சரியான முறையில் போட்டுப் பார்த்தபோது அது 3.6ஐத் தாண்டியது. அன்று அவளுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் கணக்கை யார் போடப்போகிறார்கள் என்று அறியுங்கள்

அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப நிலையத்தின் வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. நீங்கள் நிரப்பும் பாட விவரங்களை உங்கள் பல்கலைக்கழகம் அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டோடு, அதாவது அதிகாரபூர்வமான மதிப்பெண் பட்டியலோடு, வரிக்கு வரி ஒப்பிட்டு, ஜிபிஏ எனப்படும் நான்குக்கான சராசரித் தரப்புள்ளியைத் தன் அளவுகோலில் கணக்கிட்டு, கல்லூரிகளுக்கு அனுப்புவது ஆம்காஸின் வேலை. ஆகவே அதிகாரபூர்வமான மாற்றத்தைச் செய்வது நீங்கள் அல்ல. நீங்கள் வீட்டில் போடும் கணக்கு, எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுப்பதற்கும், பின்னால் வரும் அதிகாரபூர்வமான எண் சரியா என்று பார்ப்பதற்கும் மட்டுமே. கனடாவிலுள்ள பல்கலைக்கழகங்களின் டிரான்ஸ்கிரிப்டை ஆம்காஸ் நேரடியாகவே ஏற்றுக்கொள்வதால், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் நிறுவனம் எதற்கும் இதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை.

எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ் என்ற வேறு நிலையமும், டெக்சாஸ் மாநிலத்தின் கல்லூரிகளுக்கு அந்த மாநிலத்துக்கே உரிய இன்னொரு நிலையமும் இருக்கின்றன. டெக்சாஸ் முறையில் பிளஸ், மைனஸ் என்ற வேறுபாடே கிடையாது. ஏ மைனஸும் 4 ஆகிவிடும், பி பிளஸும் 3 ஆகிவிடும். இனி வரும் கணக்கு முழுவதும் ஆம்காஸுக்கானது.

இரண்டாம் படி: டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பலரும் முன்பக்கத்து எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். எந்த மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்துத் தரம், ஒரு பாடத்துக்கு எத்தனை கிரெடிட் (பாடத்தின் கனத்தைக் காட்டும் அலகு), எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரே மதிப்பெண்ணுக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே தரம் கிடைப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். 75 என்ற மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் 73 முதல் 76 வரை பி என்பதால் அது பி. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 72 முதல் 75 வரை பி என்பதால் அங்கும் பி, ஆனால் இன்னும் ஒரே ஒரு மதிப்பெண் கிடைத்திருந்தால் பி பிளஸ் ஆகியிருக்கும். மக்கிலில் 75 முதல் 79 வரை பி பிளஸ் என்பதால், அதே 75 அங்கே பி பிளஸ். 69ஐ எடுத்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும்: ரொறன்ரோவில் அது சி பிளஸ், மற்ற இரண்டிலும் பி மைனஸ். இதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பொதுவான மாற்று அட்டவணைகளை நான் நம்புவதில்லை. அவற்றில் மிகவும் கெடுதலானவை, 90க்கு மேல் ஏ, 80களில் பி என்ற அமெரிக்கப் பள்ளி வழக்கத்தை அப்படியே கனடாவுக்கும் பொருத்துபவை. ரொறன்ரோவில் 85 வாங்கி முழு 4.0 பெற வேண்டிய மாணவரை அவை 3.0இல் நிறுத்திவிடும்.

ஆம்காஸே வெளியிடும் தர மாற்று வழிகாட்டியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, அதற்கு நேரே உள்ள அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் படித்ததை அதனோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். படிப்பின் நடுவில் பல்கலைக்கழகம் அளவுகோலை மாற்றியிருந்தால், ஒவ்வொரு பாடத்தையும் அது நடந்த ஆண்டின் அளவுகோலில்தான் வைக்க வேண்டும். நீண்ட காலம் ஒன்பது புள்ளி முறையில் இருந்த யோர்க் பல்கலைக்கழகம் 2023 இலையுதிர் பருவத்தில்தான் நான்கு புள்ளி முறைக்கு மாறியது என்பதை அங்கு படித்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: எழுத்துத் தரத்தைத் தரப்புள்ளியாக்குங்கள்

எழுத்துத் தரம் கைக்கு வந்துவிட்டால் மீதி எளிது. ஆம்காஸ் அளவுகோலில் ஏ பிளஸும் ஏயும் ஒன்றுதான், இரண்டுக்கும் 4.0. ஏ மைனஸுக்கு 3.7, பி பிளஸுக்கு 3.3, பிக்கு 3.0, பி மைனஸுக்கு 2.7, சி பிளஸுக்கு 2.3, சிக்கு 2.0, சி மைனஸுக்கு 1.7, டி பிளஸுக்கு 1.3, டிக்கு 1.0, டி மைனஸுக்கு 0.7. எஃப் என்றால் சுழியம்.

ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரிகளுக்கான ஓம்சாஸ் அட்டவணையை இங்கே கொண்டுவந்து பயன்படுத்தாதீர்கள். அங்கே ஏ பிளஸுக்குத்தான் 4.0, ஏ என்பது 3.9. இரு நாட்டுக் கல்லூரிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பவர்கள் இரண்டு கணக்குகளைத் தனித்தனித் தாள்களில் வைத்துக்கொள்வது நல்லது.

பன்னிரண்டு புள்ளி முறையில் படித்தவர்களுக்கு வேறொரு சறுக்கல் காத்திருக்கிறது. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு வருகிறது என்பதால், எல்லாவற்றையும் மூன்றால் வகுக்கத் தோன்றும். மக்மாஸ்டரில் 11 என்றால் ஏ, 10 என்றால் ஏ மைனஸ், 9 என்றால் பி பிளஸ். எழுத்து வழியாகப் போனால் முறையே 4.0, 3.7, 3.3 கிடைக்கும். மூன்றால் வகுத்தால் 3.67, 3.33, 3.0 என்று ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.3 புள்ளி கைவிட்டுப் போகும். எண்ணிலிருந்து எண்ணுக்குத் தாவாமல், எண்ணிலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து தரப்புள்ளிக்கும் போவதுதான் முறை.

நான்காம் படி: கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுங்கள்

ரொறன்ரோவில் முதலாண்டு மாணவி ஒருத்தி ஐந்து பாடங்கள் எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். உயிரியலில் 86, வேதியியலில் 78, உளவியலில் 91, ஆங்கில இலக்கியத்தில் 82. இவை நான்கும் ஒரு பருவப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0.5 கிரெடிட். நுண்கணிதம் மட்டும் முழு ஆண்டுப் பாடம், 1.0 கிரெடிட், மதிப்பெண் 74.

தரப்புள்ளிகள் இப்படி வரும்: உயிரியல் ஏ, 4.0, வேதியியல் பி பிளஸ், 3.3, உளவியல் ஏ பிளஸ், 4.0, இலக்கியம் ஏ மைனஸ், 3.7, நுண்கணிதம் பி, 3.0. ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்கினால் 2.0, 1.65, 2.0, 1.85, 3.0. கூட்டினால் 10.5. மொத்த கிரெடிட் 3.0. வகுத்தால் ஜிபிஏ 3.50.

கிரெடிட்டைக் கவனிக்காமல் ஐந்து தரப்புள்ளிகளையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 3.60 வரும். அந்த 0.10 பொய்யான மகிழ்ச்சி, ஏனென்றால் அவளுடைய பலவீனமான பாடமே இரு மடங்கு கனமானது. ரொறன்ரோவின் பாடக் குறியீட்டில் எண்களை அடுத்து எச் என்ற எழுத்து இருந்தால் அரைக் கிரெடிட், வை என்ற எழுத்து இருந்தால் முழுக் கிரெடிட் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் பருவ மணி என்ற அலகில் கிரெடிட்டை எண்ணுகிறார்கள், நம்முடைய 0.5ஐ அதற்கு மாற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்கள் இதைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். எல்லாப் பாடங்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் மேலேயும் கீழேயும் சேர்ந்தே பெருகும், சராசரி அசையாது. இரண்டு இடங்களில் படித்தவர்கள்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ரொறன்ரோவில் நான்காண்டுப் பட்டத்துக்கு 20 கிரெடிட், பிரிட்டிஷ் கொலம்பியாவில் 120. ரொறன்ரோவின் 0.5ஐயும் அங்குள்ள 3ஐயும் அப்படியே ஒரே நிரலில் கூட்டினால், ரொறன்ரோவில் உழைத்த ஆண்டுகள் கணக்கில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வீட்டுக் கணக்கில் ரொறன்ரோவின் கிரெடிட்டை ஆறால் பெருக்கிக்கொண்டால் இரண்டும் ஒரே தட்டில் வந்துவிடும்.

ஐந்தாம் படி: அறிவியல் பாடங்களைத் தனியே பிரியுங்கள்

மொத்த ஜிபிஏவோடு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் மட்டும் சேர்த்து பிசிபிஎம் என்ற தனி எண்ணையும், மற்ற பாடங்களுக்கு வேறோர் எண்ணையும் ஆம்காஸ் கணக்கிடுகிறது. மேற்சொன்ன மாணவிக்கு அறிவியல் பகுதி 6.65ஐ 2.0ஆல் வகுத்து 3.325, மற்றவை 3.85ஐ 1.0ஆல் வகுத்து 3.85. இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதைக் கல்லூரிகள் கவனிக்கவே செய்யும். அதை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்துகொள்வதற்குத்தான் இந்தப் படி.

எந்தப் பாடம் எதில் சேரும் என்பதை அதை நடத்திய துறையின் பெயர் தீர்மானிப்பதில்லை, பாடத்தின் உள்ளடக்கம்தான் தீர்மானிக்கிறது. உளவியல் துறை நடத்தினாலும் புள்ளியியல் பாடம் கணிதத்தில் சேரும். நரம்பியல், மரபியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் ஆகியவை உயிரியலில் சேரும். உளவியலும் சமூகவியலும் சேராது. கணினி அறிவியலும் பொறியியலும்கூடச் சேராது என்பது பலருக்கு ஏமாற்றம்.

ஆறாம் படி: மறந்துபோக விரும்பும் பாடங்களையும் எழுதுங்கள்

வேதியியலில் முதல்முறை 52, மறுபடி எடுத்து 80 என்று வையுங்கள். பழைய மதிப்பெண்ணை உங்கள் பல்கலைக்கழகம் தன் கணக்கிலிருந்து நீக்கியிருக்கலாம், ஆனால் ஆம்காஸ் இரண்டையும் எண்ணும். டி மைனஸுக்கு 0.7, ஏ மைனஸுக்கு 3.7, அந்த இரண்டின் சராசரி 2.2. பாதியில் விலகிய பாடத்தையும் படிவத்தில் எழுத வேண்டும், ஆனால் அது ஜிபிஏவில் சேராது. தேர்ச்சி என்று மட்டும் பதிவான பாடமும் அப்படியே.

கோடை விடுமுறையில் வேறொரு கல்லூரியில் ஒரே ஒரு பாடம் படித்திருந்தாலும், அந்தக் கல்லூரியின் பெயரிலேயே அதைப் பதிந்து, அங்கிருந்தும் டிரான்ஸ்கிரிப்டை நேரடியாக அனுப்பச் செய்ய வேண்டும். முதுநிலைப் படிப்புக்குத் தனி ஜிபிஏ உண்டு; அதை இளநிலையோடு கலக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சில ஆண்டுகள் படித்துவிட்டுக் கனடாவுக்கு வந்து பட்டத்தை முடித்தவர்கள், அங்கே வாங்கிய மதிப்பெண்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் அவற்றை ஆம்காஸ் சரிபார்ப்பதும் இல்லை, ஜிபிஏவில் எடுத்துக்கொள்வதும் இல்லை.

ஏழாம் படி: படிவத்தை நிரப்புங்கள்

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகு, அந்த 4.0, 3.7 எல்லாவற்றையும் படிவத்தில் எழுதக் கை துடிக்கும். எழுதக்கூடாது. டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர், குறியீட்டு எண், கிரெடிட், தரம் ஆகியவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே பதியுங்கள். மாற்றுவது அவர்கள் பொறுப்பு. முழு ஆண்டுப் பாடத்தை இரண்டு பருவங்களாக உடைக்காமல் முழு ஆண்டுப் பாடம் என்றே குறியுங்கள். டிரான்ஸ்கிரிப்டின் ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்தே நிரப்புங்கள். நினைவிலிருந்து நிரப்பி, ஒரு பருவத்தையே விட்டுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறுகளும் விடுபடல்களும் அதிகமிருந்தால் விண்ணப்பத்தைச் சரிபார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படிவம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மே இறுதியை ஒட்டிச் சமர்ப்பிக்கத் தொடங்கலாம். எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளும் போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்கள் விண்ணப்பம் சரிபார்ப்பு வரிசையில் நிற்கும், கோடையில் அந்த வரிசை பல வாரங்கள் நீளும். எனவே குளிர்காலப் பருவத்தின் முடிவுகள் வெளியான உடனேயே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பக் கேட்டுவிடுங்கள். சரிபார்ப்பு முடிந்ததும், வகைவாரியாகப் பிரித்த ஜிபிஏ அட்டவணை உங்கள் ஆம்காஸ் இணையக் கணக்கில் தெரியும். உங்கள் தாளை எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். 0.01, 0.02 அளவு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். அதைவிடப் பெரிய இடைவெளி இருந்தால், ஏதாவதொரு பாடத்தின் தரம் தவறாக மாறியிருக்கிறதா, கிரெடிட் மாறியிருக்கிறதா, அறிவியல் பாடம் எதுவும் மற்றவற்றுக்குள் போயிருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடித்து, தாமதிக்காமல் மறுபரிசீலனை கேளுங்கள்; அதற்குக் கொடுக்கும் அவகாசம் மிகக் குறைவு.