ஆற்று நீரில் ஆக்சிஜன் அளப்பது எப்படி?

சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு வளைந்து நெளிந்து ஓடுகிறதே, அது முன்பு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய். 2012இல்தான் இந்த உருவத்தில் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் மரீனா நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மாதம் இருமுறை நான் அளக்கப் போவது அதனால்தான்.

கிளம்பும் முன்: எங்கே இறங்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் தேசியப் பூங்காக் கழகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வானம் கறுத்தால் போகவே வேண்டாம். மழை பெய்தால் அங்கே தண்ணீர் சில நிமிடங்களில் ஏறிவிடும்.

வெப்பநிலை, காரத்தன்மை, கலங்கல் இவற்றையெல்லாம் பெட்டியோடு வரும் தாளைப் பார்த்தே செய்துவிடலாம். முந்தைய நாள் மழையா என்பதை மட்டும் குறிக்க மறக்காதீர்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்கு என் தேர்வு, சொட்டுவிட்டுச் சோதிக்கும் வின்கிளர் பெட்டி: நீரில் ரசாயனங்களைச் சேர்த்து, நிறம் மறைய எத்தனை சொட்டு வேண்டும் என்று எண்ணி அளப்பது. மின்னணுக் கருவி விரைவானதுதான், ஆனால் அளவுதிருத்தம் செய்யாமல் அதை நம்ப முடியாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொட்டுகளே நல்லது. என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இனி நான் சறுக்கிய இடம். வாளியில் கயிறு கட்டி மொண்டு, அதிலிருந்து புட்டிக்கு ஊற்றினேன். தேங்கிய மூலையிலும் நல்ல அளவு காட்டியது, மகிழ்ந்துபோனேன். ஊற்றும்போதே காற்று கலந்துவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. மூன்று வாரக் கணக்கை அடித்துவிட்டேன்.

சரியான முறை இது. புட்டியை ஆற்று நீரிலேயே இரண்டு முறை அலசுங்கள். மூடியபடியே முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே திறந்து, மெல்லச் சாய்த்து நிரப்புங்கள். பக்கவாட்டில் தட்டினால் ஒட்டியிருக்கும் குமிழிகள் மேலேறும். தண்ணீருக்கடியிலேயே மூடுங்கள். வெளியே எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கடுகளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடியும் எடுங்கள்.

உடனே, அங்கேயே, முதல் இரண்டு ரசாயனங்களையும் விட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்பு வண்டல் திரண்டால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் கிட்டத்தட்ட இல்லை. வண்டல் படிந்ததும் அமிலம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதன்பின் காற்றுப் பட்டாலும் பாதகமில்லை. நிழலில் உட்கார்ந்து, நிறம் மறையும்வரை கடைசி ரசாயனத்தை விட்டு, நிதானமாகச் சொட்டு எண்ணலாம்.

நம் ஊர்ச் சூட்டில், 30 டிகிரியில், தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். 5க்குக் கீழே பல மீன்கள் திணறும். குளிர்நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

உயிரினங்களையும் பாருங்கள்; வலை போட வேண்டாம், கண்ணால் எண்ணினாலே போதும். சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் எச்சரிக்கை: அவற்றின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் பிழைக்கும். கொசுப்புழுவை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது மேலே வந்து காற்றைச் சுவாசிப்பது.

மிச்ச ரசாயனத்தை லோங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) ஊற்றாதீர்கள். அது போய்ச் சேருவதும் நீர்த்தேக்கத்தில்தான். மூடியுள்ள புட்டியில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பின்சேர்க்கை: ஒரே இடத்தில் காலையில் 4, மாலையில் 8 வருகிறது, பெட்டி பழுதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பழுதில்லை. பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜன் விடும், அதனால் மேலே சொன்ன 7.5ஐக்கூடச் சிறிது நேரம் தாண்டலாம். இரவில் எல்லாமே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். மேலே எழுதும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் காலை 7.15க்கு அளக்கிறேன், நீங்கள் எந்த நேரத்தை வைத்துக்கொண்டாலும் மாற்றாதீர்கள், மணியை அளவின் பக்கத்திலேயே எழுதுங்கள்.