ஆர்க் மோடில் தினசரிப் பட்டியல்: எந்த வேலைக்கு எந்தக் குறி?

வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டக் கணக்கு பார்ப்பவர்களுக்கு வேலைகள் இரண்டு விதமாகத் திரும்பி வரும். சனிக்கிழமைக் கூலி காலண்டரைப் பார்த்து வரும். காயெடுப்போ போன முறை எடுத்த நாளிலிருந்து முப்பது, நாற்பது நாள் கழித்து வரும்; மழையால் இந்த முறை ஒரு வாரம் தள்ளினால் அடுத்ததும் தள்ளிப்போகும். ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி மென்பொருளில், குறிப்பும் வேலைப் பட்டியலும் வைக்க உதவும் ஆர்க் மோடில் தானாகத் திரும்பும் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, இரண்டுக்கும் ஒரே குறியைப் போடுவதால்தான்.

தேதியோடு சேர்த்துப் போட மூன்று குறிகள் உண்டு. வெறும் "+" போட்டால், முடிந்தது என்று குறித்ததும் பழைய தேதியிலிருந்து ஒரே ஒரு இடைவெளிதான் நகரும். திருவிழாவுக்குக் கம்பம் போய் ஐந்து நாள் பட்டியலைத் தொடவில்லை என்றால், வந்து ஒருமுறை முடித்தாலும் அந்தத் தினசரி வேலை கடந்துபோன தேதியிலேயே நிற்கும். கடன் தவணை போல, விட்டுப்போன ஒவ்வொன்றையும் தீர்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் அது சரி. "++" போட்டால் வரப்போகிற தேதி கிடைக்கும்வரை தாவும். சனி சனியாகவே இருக்கும், கூலிக்கு அதைப் போடுங்கள். ".+" முடித்த நாளிலிருந்து எண்ணும். காயெடுப்புக்கு அதுதான்.

இந்த ".+" குறியை இரவில் வேலை செய்கிறவர்கள் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ஸ்டோரில் காய் உலரும்போது சூடு பார்த்துப் பதிவதை இரவு ஒரு மணிக்கு முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். 5ஆம் தேதி வேலைதான், ஆனால் கணினிக்கு 6ஆம் தேதி பிறந்துவிட்டது. அடுத்தது 7ஆம் தேதிக்குப் போய்விடும். 6ஆம் தேதி வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். "ஆர்க்-எக்ஸ்டெண்ட்-டுடே-அன்டில்" என்ற அமைப்பில் 4 என்று கொடுத்தால், அதிகாலை நான்கு மணிவரை முந்தைய நாளாகவே எடுத்துக்கொள்ளும். இரவு வேலை உள்ள எவரும் முதலில் இதை மாற்ற வேண்டும்.

தினசரி வேலைக்கு "டெட்லைன்" (கெடு தேதி) வேண்டாம், "ஷெட்யூல்டு" (தொடங்கும் தேதி) போதும். டெட்லைன் இயல்பாகவே 14 நாள் முன்னதாக எச்சரிக்கும். இன்றைய வேலையை முடித்த கையோடு நாளையது எச்சரிக்கையாக வந்து உட்காரும்.

வேலையின் பெயர் உள்ள தலைப்பு வரியில் "டன்" (முடிந்தது) என்று கையால் தட்டச்சு செய்தால் தேதி நகராது. கண்ட்ரோல்-சி (C), கண்ட்ரோல்-டி (T) அழுத்தித்தான் மாற்ற வேண்டும். தலைப்புக்குள் இருக்கும் செக்பாக்ஸ்களும் தாமாகக் காலியாவதில்லை. அதற்கு ஆர்க்-செக்லிஸ்ட் என்ற தனித் துணைநிரல் வேண்டும்.

முடித்த ஒவ்வொரு நாளும் ஒரு வரியாகத் தலைப்பின் கீழ் குவியும். "ஆர்க்-லாக்-இன்டு-டிராயர்" அமைப்பை இயக்கினால் அவை மடித்து வைத்த பகுதிக்குள் போய்விடும். அவற்றை அழிக்காதீர்கள், எந்தக் காயெடுப்பு எத்தனை நாள் தள்ளியது என்பதற்கு அதுவே சாட்சி.

காயெடுப்புக் காலம் ஓய்ந்ததும் தலைப்பையே நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. பழைய பதிவும் கூடவே போய்விடும். தேதியில் உள்ள திரும்பும் குறியை மட்டும் எடுத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை முடித்தால் போதும்.