கதை வகுப்புக்குச் சிவப்புப் பேனா எடுத்துப் போகாதீர்கள்

ராயபுரத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வந்த தம்பி ஒருவர், போன சனிக்கிழமை பிள்ளைகள் எழுதிய கதைகளை வரிக்கு வரி சிவப்பில் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். பார்த்ததும் மனசு பதறிவிட்டது. ஆரம்பத்தில் நானும் அதைத்தான் செய்தேன். கதைக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். சொல்லிக்கொடுக்கும் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளையின் பேச்சை வெட்டுவது

காசிமேட்டுப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பு. வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது இல்லையா, அந்தத் தடைக்காலத்தில் அப்பா வீட்டிலேயே இருப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். "நைனா வூட்லயே குந்திகினு கிழியாத வலைய தச்சுகினு இருந்துச்சு" என்று ஒரு வரி. நான் நைனாவைத் தந்தை ஆக்கினேன், குந்திகினு என்பதை அமர்ந்துகொண்டு ஆக்கினேன், போதாததற்கு "கிழியாத வலையை ஏன் தைக்க வேண்டும்?" என்று ஓரத்தில் கேள்விக்குறி வேறு போட்டேன். கதையே அந்த வலையில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஆறே வரி எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு ஊரில் ஒரு ராஜா. ஏம்மா இப்படி என்று கேட்டேன். "இதுல தப்பு வராது சார்" என்றாள். வலைக் கதையை அப்புறம் அவள் தொடவே இல்லை.

பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் போகுமே என்பார்கள். போகும்தான். அதனால் கதைக்கென்று தனி நோட்டு வையுங்கள், அதில் மார்க் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுதியதைப் பிள்ளையே சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் கேட்டுவிட்டு, உங்களுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அப்போ அம்மா என்ன சொன்னாங்க? அந்தப் பதிலை எழுதினாலே அடுத்த பத்தி வந்துவிடும். பேச்சு வரும் இடத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கட்டும். ல, ள, ழ குழப்பத்தையெல்லாம் இரண்டாவது முறை எழுதும்போது, அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

கதையின் நீதி என்ன என்று கேட்பது

கேட்காதீர்கள்.

பேசவிடாமல் எழுதச் சொல்வது

எங்கள் வகுப்பில் ஒரு பையன் தாளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நேற்று தெருவில் கேரம் ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்டால் போதும், சிவப்புக் காய் குழிக்கு வந்து நின்றது, எதிராளி முகம் மாறியது, பின்னால் நின்றவர்கள் கத்தியது என்று எதையும் விடாமல் சொல்வான். அவன் சொல்லச் சொல்ல நானே எழுதி, படித்துக் காட்டினேன். மூன்றாவது வாரம் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டான்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு

வேண்டாம். பரிசு வாங்கிய கதையையே அடுத்த வாரம் எல்லாரும் எழுதுவார்கள்.

நாம் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருப்பது

அவர்கள் எழுதும் அந்த இருபது நிமிஷமும் நீங்களும் கீழே உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு உங்களுடையதை முதலில் படியுங்கள்.